தலைப்பட்டை பற்றிக் கேட்டிருந்தாயே

பிறை, பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராஜேந்திரனுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். போனில் பேசி முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனிக் கூட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு தாள் இருந்தால் உனக்கும் நல்லது.

முதலில் வீட்டுச் செய்தி. செல்விக்கு முட்டி வலி பரவாயில்லை. காலையில் கோவில் வரை நடந்து போய் வருகிறாள். சின்னவன் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவு வேலை வருகிற வாரங்களில் அவன் முகத்தைப் பார்ப்பதே அரிது. பாலத்தைத் தாண்டி மோட்டாரில் வருகிறானே என்று அவள் பசியாறாமல் வாசலிலேயே நிற்கிறாள். நம் தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். பள்ளிக்கூடம் இருக்கிறது, லயத்து வீடுகள் இல்லை. ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரவு பஸ் ஓட்டுநர்களுக்கெல்லாம் மூளை அலையை அளக்கும் பட்டை கொடுக்கப் போகிறார்கள், தொப்பிக்குள் மாட்டிக்கொண்டுதான் வண்டி எடுக்க வேண்டும் என்கிறாய். மனதில் நினைப்பதையெல்லாம் படித்துவிடுமா, இதை வைத்து வேலையை விட்டு நிறுத்துவார்களா என்று இரண்டு பயம் உனக்கு. முதல் பயத்தை இப்போதே விட்டுவிடு. இரண்டாவது நியாயமான பயம், அதற்குத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

இது புதிய மாயம் ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இலேயே மனிதத் தலையிலிருந்து இந்த அலையைப் பதிவு செய்தார். ஐந்து வருடம் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929-இல்தான் வெளியிட்டார். மூளை செல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து மின்சாரம் எழுப்பும்போது அதன் சாயல் மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வெளியே வருகிறது. வந்து சேரும்போது அது சில பத்து மைக்ரோவோல்ட்தான். டார்ச் லைட் பேட்டரி ஒன்றரை வோல்ட், அதை லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. பஸ்ஸுக்கு வெளியே நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டாலே வண்டி மேட்டில் திணறுகிறதா, சும்மா நிற்கிறதா என்று நீ சொல்லிவிடுவாய். உள்ளே உட்கார்ந்திருப்பவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் என்ன சொன்னார் என்று உன்னால் சொல்ல முடியாது. தலைப்பட்டைக்குத் தெரிவதும் அவ்வளவுதான். நீ வீட்டுக் கடனை நினைக்கிறாயா, முதலாளியைத் திட்டுகிறாயா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் தூக்கம் வருவது தெரியும். அதை நான் ஆஸ்பத்திரியில் மூளை அலை பதிவு செய்கிற என் அறையில் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் வலிப்பு நோயாளிகள் பதிவுக்கு வருவார்கள். சிலரை முந்தின இரவு தூங்காமல் வரச் சொல்வார் டாக்டர். தூக்கம் கெட்ட மூளையில் வலிப்பின் கூர்முனைகள் எளிதாக வெளிப்படும் என்பதால் அப்படி. தலையை அளந்து, குறி போட்டு, தோலைத் தேய்த்து, பசை வைத்து 21 எலெக்ட்ரோடுகளை, அதாவது அலையைப் பிடிக்கிற சின்ன உலோக வில்லைகளை, ஒட்டுவேன். படுத்துக் கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கத்தில் ஆல்ஃபா அலை வரும், நொடிக்கு 8 முதல் 13 வரை. விழித்திருக்கிறார், அமைதியாக இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அந்த ஆல்ஃபா உடைந்து உடைந்து வரும், கண் மெதுவாக உருள ஆரம்பிக்கும், நொடிக்கு 4 முதல் 7 வரையான தீட்டா அலை மேலே வரும். அப்போதே அவர் தூக்கத்தின் வாசலைத் தாண்டிவிட்டார். அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தூங்கினீர்களா என்று கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “இல்லீங்க, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.” பொய் சொல்லவில்லை ராஜா. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. திரையில் எனக்குத் தெரிகிறது, அந்தத் தலைக்குள் இருக்கிறவருக்குத் தெரியவில்லை.

இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “எனக்குத் தூக்கம் வந்தா எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமா ஓட்டுறேன்” என்று அந்தப் பதிவில் சொல்கிறாய். தெரியாது. அனுபவம் இருந்தாலும் தெரியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான ஆட்களை, இரண்டு வாரம், இரவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் படுக்க விடவில்லை. திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்துகிற சோதனையில் அவர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் “எவ்வளவு தூக்கமாக இருக்கிறது” என்று கேட்டால், முதல் சில நாள் கூடிய கணக்கு அப்புறம் பெரிதாகக் கூடவே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே தடுமாறியிருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து இரவு ஓட்டி, பகலில் பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே ஐந்து மணி நேரம் தூங்குகிற உன்னைத்தான் நான் அதைப் படித்ததும் நினைத்தேன்.

பசிபிக் கடலைத் தாண்டிப் பறக்கும் விமானிகளின் தலையிலேயே இந்த அலையைப் பதிவு செய்திருக்கிறது நாசா. அறிக்கை 1994-இல் வந்தது. ஒரு குழுவினரை ஒவ்வொருவராக முறை வைத்து 40 நிமிடம் ஓய்வெடுக்க விட்டார்கள், சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு அந்த ஓய்வு இல்லை. தரையிறங்கும் நேரத்தையும் சேர்த்த கடைசி அரைமணியில், ஓய்வு இல்லாதவர்களின் மூளை அலையிலும் கண் அசைவிலும் சில நொடித் தூக்கங்கள் பதிவாயின. தூங்கி எழுந்தவர்களிடம் அந்த நேரத்தில் ஒன்றுகூட இல்லை. நீ 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி என்றால் 100 மீட்டர், உள்ளே நாற்பது பேரோடு.

இன்னொன்றும் இருக்கிறது, அது தூக்கம் இல்லை, மூளைச் சோர்வு. நன்றாகத் தூங்கி வந்தவனுக்கும் ஒரே வேலையை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வரும். இங்கிலாந்தில் நார்மன் மேக்வர்த் என்ற உளவியல் அறிஞர் ரேடார் பார்ப்பவர்களுக்காக ஒரு சோதனை செய்தார், 1948-இல் வெளிவந்தது. கடிகார முள் மாதிரி ஒன்று தாவித் தாவிப் போகும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. தாப்பா தாண்டி ஈப்போ வரைக்கும் நள்ளிரவில் வெள்ளைக் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது உனக்கும் அதே வேலைதான். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சிப்பில் கீறல் தேடுகிற என் மகனுக்கும் அதேதான். அந்தச் சோர்வில் நெற்றிக்கு மேலே நடுப்பகுதியில் தீட்டா கூடும், கண் திறந்திருக்கும்போதே ஆல்ஃபா தலை தூக்கும், சுறுசுறுப்பாக இருக்கும்போது வருகிற வேகமான பீட்டா அலை குறையும். பட்டை செய்கிறவர்கள் பெரும்பாலும் இவற்றின் விகிதத்தைத்தான் கணக்குப் போட்டு ஓர் எண்ணாகக் காட்டுகிறார்கள்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பாய். என் அறையில் 21 இடத்தில் பசை வைத்து, ஆளைப் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லித்தான் எடுக்கிறேன். அப்படியும் பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையை மூடிவிடும். கண் சிமிட்டினால் முன்பக்கத்தில் மலை மாதிரி எழும்பும். வியர்த்தால் கோடு மெதுவாக ஏறி இறங்கும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து வந்தால் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாது, குளித்துவிட்டு வரச் சொல்வோம். நீ மாட்டப்போவதில் சில எலெக்ட்ரோடுகள்தான், அதுவும் பசை இல்லாத வகை. வண்டி ஆடும், நீ கச்சான் கொறிப்பாய், சூயிங்கம் மெல்லுவாய், ஏசி பழுதானால் வியர்ப்பாய். நல்ல கருவி இந்தக் குப்பையைப் பிரித்து ஒதுக்கும், மோசமான கருவி அதையும் சோர்வு என்று எண்ணிவிடும். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் ராட்சத லோரி ஓட்டுபவர்கள் தொப்பிக்குள் இந்த மாதிரிப் பட்டையோடுதான் ஓட்டுகிறார்கள், ஆகவே முடியாத காரியம் இல்லை. ஆனால் எல்லாப் பட்டையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதே.

அதோடு, தலைக்குத் தலை அலை வேறு. சிலருக்குக் கண்ணை மூடினாலும் ஆல்ஃபா சரியாகத் தெரியாது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள்தான். எல்லாருக்கும் ஒரே கோடு கிழித்து, அதைத் தாண்டினால் சோர்வு என்று சொல்வது அநியாயம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் உன் தலையை அளந்து, அந்த அளவோடுதான் மற்ற நாள்களை ஒப்பிட வேண்டும். கூட்டத்தில் இதை முதலில் கேள்.

அடுத்து, பட்டை கத்தினால் என்ன நடக்கும் என்று கேள். எனக்கு இதுதான் பெரிய கேள்வி. விடியற்காலை மூன்று மணிக்கு அது எச்சரித்தால் நீ அடுத்த ஆர் அண்ட் ஆரில், அந்த நெடுஞ்சாலை ஓய்விடத்தில், வண்டியை ஓரம் கட்டி அரைமணி தூங்கலாமா? பயணிகளுக்கு யார் பதில் சொல்வது? இரண்டாவது டிரைவர் இருப்பாரா? தாமதத்துக்கு உன் சம்பளத்தில் பிடிப்பார்களா? “கத்தினால் கவனமாக ஓட்டுங்கள்” என்பதுதான் பதில் என்றால் அந்தப் பட்டையால் உனக்குப் பிரயோஜனம் இல்லை. கவனமாக ஓட்ட முடியாத நிலை வந்ததால்தானே அது கத்துகிறது! வேலை அட்டவணையைத் தொடாமல் ஓட்டுநரின் தலையை மட்டும் அளப்பதை நான் ஏற்கவே மாட்டேன். எந்த வழித்தடத்தில், எத்தனை மணிக்கு, தொடர்ந்து எத்தனையாவது இரவில் எச்சரிக்கை கூடுகிறது என்று பார்த்து அட்டவணையை மாற்றினால்தான் இது உயிர் காக்கும்.

பதிவு யாரிடம் இருக்கும் என்றும் கேள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை நுண்ணிய தகவல் என்று தனியாக வைத்திருக்கிறது. அதைக் கையாளப் பொதுவாக உன் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எதற்காக எடுக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்பது எழுத்தில் வரட்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதே. தொழிற்சங்கத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்.

இனி நான் எழுதுவது பட்டையைப் பற்றி இல்லை. போன தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது, உன் குறட்டை நடுவில் நின்று, மூச்சு திணறி மறுபடி ஆரம்பிக்கிறது என்று கமலா செல்வியிடம் சொல்லியிருக்கிறாள். இப்போதுதான் செல்வி எனக்குச் சொன்னாள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற நோய் அது மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூச்சுக்காக மூளை அரைகுறையாக விழிக்கும். காலையில் உனக்கு ஞாபகம் இருக்காது, எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதி போகாது. சாப்பிட்டு உட்கார்ந்தால் சாய்ந்துவிடுகிறாய், கழுத்தும் தடித்திருக்கிறது, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாய். எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. இந்த நோய் உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து ஆபத்து அதிகம். தலைப்பட்டை உன் சோர்வைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்கு ஓர் இரவு முழுக்க மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்கிற தூக்கப் பரிசோதனை வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அரசாங்கக் கிளினிக்குக்குத்தான், போய், கமலா சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொல். அவளையும் கூட்டிக்கொண்டு போ, பார்த்தவள் அவள்தான். மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தமாகக் கொடுக்கும் கருவி இருக்கிறது. பலருக்கு அதுவே போதும், நன்றாகத் தூங்கி எழுகிறார்கள். வேலை போய்விடுமோ என்று இதை மறைக்காதே. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அது நடக்கும் வரைக்கும் ஒரு காரியம் செய். கண் எரிந்தாலோ, கடந்து வந்த டோல் ஞாபகம் வராவிட்டாலோ சுங்கை பேராக் ஓய்விடத்திலோ குனோங் செமாங்கோல் ஓய்விடத்திலோ நிறுத்து. பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்கு. கோப்பி வேலை செய்ய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உன்னை ஏமாற்றும்.

கூட்டத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுது. கருவியின் பெயரையும் கேட்டு அனுப்பு, அதைப் பற்றி என்ன ஆய்வு வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த முறை பினாங்கு சென்ட்ரலில் வண்டியை விட்டதும் ஓய்வறையில் சுருண்டு படுக்காதே, போன் போடு. நானே வந்து கூட்டிப் போகிறேன். மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது.

கமலாவுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்
குமரவேல்