டல்லாஸ் குளிரில் அரளி

டல்லாஸ்,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்.

நம் தோட்டத்துச் செவ்வரளியில் நாலு போத்து வெட்டி, அடுத்த மாதம் புறப்படும் அண்ணனிடம் கொடுத்தனுப்பட்டுமா என்று பெரியம்மா கேட்டிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். நடுவதற்கான செடி, குச்சி எதையும் உரிய சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். மறைத்தால் அபராதமும் உண்டு. அது போக, பள்ளிகொண்டா வெயிலில் வளர்ந்த செடி இந்த ஊர்க் குளிரைத் தாங்கும் என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. குளிர் தாங்கும் அரளி இங்குள்ள நாற்றுப்பண்ணைகளிலேயே கிடைக்கிறது. அது எப்படிப் பிழைக்கிறது என்று பெரியப்பா கேட்டதற்கு விவரமாகவே எழுதுகிறேன்.

டல்லாஸின் கோடை நமக்குப் பழகியதுதான். ஜூலை, ஆகஸ்டில் 38, 40 டிகிரி அடிக்கும். அந்த வெயிலில் அரளி வேலூர் நெடுஞ்சாலை நடுவில் நிற்பதைப் போலவே செழித்து நிற்கும். சோதனை குளிர்காலத்தில். நவம்பர் பிற்பாதியில் முதல் உறைபனி விழும், மார்ச் நடுவில் கடைசி. இடையில் பெரும்பாலான பகல்களில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே நடக்கலாம். ஆனால் வடக்கிலிருந்து காற்று இறங்கினால், காலையில் 20 டிகிரி இருந்த இடம் இரவுக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால் செடி தன்னைத் தயார் செய்துகொள்ளும். திடீர் இறக்கத்துக்கு அதற்கு நேரமில்லை. 2021 பிப்ரவரி 16 அன்று இங்கே மைனஸ் 19 டிகிரிக்குப் போனது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. அந்த வாரம் ஊரிலிருந்த அரளிகள் தரைமட்டத்துக்குக் கருகின. அவற்றில் பல, வெயில் ஏறியதும் தூரிலிருந்து துளிர்த்து வந்தன. பொறுக்காமல் மார்ச்சிலேயே தோண்டி எறிந்தவர்கள் உயிருள்ள வேரையும் சேர்த்து எறிந்தார்கள்.

இங்கே அரளிக்குச் செய்கிற வேலை எல்லாம் வேரைக் காப்பாற்றத்தான். மேலே உள்ள கிளை போனால் போகட்டும், வேர் இருந்தால் பூ வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

கணக்கு தோராயமாக இப்படி. மைனஸ் 4, 5 டிகிரி வரை நன்கு வேர்பிடித்த செடிக்குப் பெரிய சேதம் இல்லை. மைனஸ் 7, 8 வந்தால் இலை கருகும், மொட்டு போகும். மைனஸ் 12-ஐ நெருங்கினால் கிளைகள் தரை வரை சாகும். அமெரிக்க வேளாண்மைத் துறை நாட்டையே குளிர் மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் போட்டிருக்கிறது. டல்லாஸ் 8-ஆம் மண்டலம். சராசரி ஆண்டின் மிகக் குளிரான இரவில் மைனஸ் 7 முதல் மைனஸ் 12 வரை போகக்கூடிய இடம். அரளி விளையும் எல்லைக்கோட்டிலேயே நாங்கள் குடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ரகம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 'ஹார்டி ரெட்', 'ஹார்டி பிங்க்', 'கலிப்சோ' மூன்றும் ஒற்றையடுக்குப் பூ, குளிருக்கு நின்றவை. அடுக்கு மஞ்சளிலும் குளிர் தாங்கும் ஒன்று உண்டு. 'பெட்டீட்' என்று தொடங்கும் குட்டை ரகங்கள் கடையில் பார்க்க அழகாக இருக்கும்; குளிரில் முதலில் போவதும் அவைதான். ஒற்றையடுக்கில் இன்னொரு வசதி, வாடிய பூ தானாக உதிர்ந்துவிடும். அடுக்குப் பூ காய்ந்து பழுப்பாகக் கிளையிலேயே தொங்கும். நம் வீட்டு வாசலில் நிற்கும் பொன்னரளி வேறு இனம், உறைபனி அதற்கு ஆகவே ஆகாது. அதை இங்கே தரையில் நடுவது வீண்.

இங்கிருந்து சுமார் 470 கி.மீ. தெற்கே, கடலோரத்தில் கால்வெஸ்டன் என்றொரு தீவு நகரம். 1841-இல் ஜோசப் ஆஸ்டர்மன் என்ற வணிகர் ஜமைக்காவிலிருந்து அரளியை அங்கே கொண்டுவந்தார். 1900-இல் பெரும் புயல் ஊரை அழித்த பிறகு, மண் கொட்டி உயர்த்திய உப்பு நிலத்திலும் பிழைக்கும் என்று அரளியைத் தெருத்தெருவாக நட்டார்கள். இன்று அதற்கு 'அரளி நகரம்' என்றே பெயர். 1967-லிருந்து அரளிக்கென்றே ஒரு சங்கமும் அங்கே இயங்குகிறது. அங்கே எத்தனையோ நிறங்களைப் பார்க்கலாம், ஆனால் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து இங்கே நட்டால் பாதிக்கு மேல் நிற்காது. கடல் காற்று அந்த ஊரைச் சூடாக வைத்திருக்கிறது.

டல்லாஸ் மண் பெரியப்பாவுக்குத் தெரிந்ததுதான்: கரிசல், சுண்ணாம்பு கலந்தது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. சுண்ணாம்பைப் பற்றி அரளி கவலைப்படாது. குளிர்காலத்தில் வேரைச் சுற்றி நிற்கும் ஈரம்தான் எமன். குளிரில் பிழைத்த வேரும் அதில் அழுகிப்போகும். எனவே சுற்றுத்தரையைவிட ஒரு சாண் உயர்த்தி மேடு போட்டு நட வேண்டும். குழியின் அகலம் தொட்டியைப் போல இரண்டு மடங்கு, ஆழம் தொட்டி அளவுதான். அடியில் ஜல்லி போடக் கூடாது, களிமண்ணில் அது தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். சூளையில் சுட்டு உப்பிய களிக்கல் இங்கே மூட்டையில் விற்கிறது. அதை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலந்தால் மண் பொலபொலப்பாகும். தொட்டிக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் நாலு பக்கமும் கத்தியால் கீறிவிட்டு நட வேண்டும், இல்லாவிட்டால் வெளிமண்ணுக்குள் போகாது.

இடம் தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம். செங்கல் பகல் வெயிலை வாங்கி இரவில் விடும், வடகாற்றும் தடைபடும். சுவரிலிருந்து நாலடி தள்ளி, செடிக்குச் செடி ஆறடி. நடவு மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள். அக்டோபரில் தள்ளுபடி விலைக்கு வாங்கி நட்டால் வேர் இறங்குவதற்குள் குளிர் வந்துவிடும். சின்னத் தொட்டியை விட, கட்டைத் தண்டுள்ள ஐந்து கேலன் தொட்டிச் செடி முதல் குளிர்காலத்தைத் தாண்ட வாய்ப்பு அதிகம்.

முதல் கோடையில் வாரம் ஒரு தண்ணீர், ஆழமாக. இங்கே தானியங்கித் தெளிப்பானை வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓட்டலாம் என்று நகராட்சி விதி. அரளிக்கு அதுகூடத் தேவையில்லை. இலை மேல் தெளிப்பதைவிடத் தூரில் சொட்டுநீர் நல்லது. உரம் துளிர் வந்ததும் ஒரு பிடி, ஜூனில் முதல் பூ முடிந்ததும் ஒரு பிடி, அதோடு சரி. ஆகஸ்டுக்குப் பிறகு உரம் போட்டால் இளந்தளிர் கிளம்பும். அது முற்றுவதற்குள் நவம்பர் வந்து கருக்கிவிடும். கவாத்துக்கும் இதே காரணம்தான். நம் ஊரில் மழைக்காலத்தை ஒட்டி வெட்டுகிறோம், இங்கே முதல் பூ ஓய்ந்த ஜூன் கடைசியில் வெட்டுகிறோம். புதுக் கிளையின் நுனியில்தான் பூ வருவதால், அப்போது வெட்டினால் கிளை பெருகி செப்டம்பர் வரை பூக்கும். விநாயகர் சதுர்த்திக்குப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கும் அளவுக்கு மிஞ்சும்.

நவம்பர் நடுவில் மூடாக்கு. தூரைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்கு, ஆறு அங்குல உயரத்துக்கு, உதிர்ந்த ஓக் இலை அல்லது பட்டைத் தூள். கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் ஓரடிக்கு மேட்டாகக் குவிக்க வேண்டும். உறைபனிக்கு முந்தைய நாள் தண்ணீர் பாய்ச்சுவதும் முக்கியம்: ஈர மண் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், காய்ந்த மண் விட்டுவிடும். செடிக்கு மேல் பழைய பருத்திப் போர்வை போட்டு, விளிம்பு நாலு பக்கமும் தரையைத் தொடும்படி கல் வைக்க வேண்டும். மண்ணிலிருந்து எழும் சூடுதான் செடியைக் காக்கிறது. கழுத்தில் கட்டிய போர்வையால் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். விடிந்து உறைநிலைக்கு மேல் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

இந்த வாரம் வாசலில் பார்த்தால் செடி செத்ததைப் போலத்தான் இருக்கிறது. இலையெல்லாம் காக்கி நிறத்தில், தொட்டால் நொறுங்குகிறது. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். மேல்தோலுக்குக் கீழே ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்த பழுப்பு என்றால் இல்லை. நுனியில் தொடங்கி ஒரு சாணுக்கு ஒன்றாகக் கீறிக்கொண்டே இறங்கினால் எங்கே பச்சை தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அப்போதும் வெட்டக் கூடாது. கடைசி உறைபனி போய்த் துளிர் தெரிந்த பிறகு, ஏப்ரல் கடைசியில், உயிருள்ள கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும். அடியோடு போயிருந்தால் மே கடைசி வரை காத்திருக்கலாம். தூரிலிருந்து இருபது குருத்து வந்தாலும் திடமான ஐந்தாறை விட்டுவிட்டு மற்றதைக் களைந்தால்தான் பூ பிடிக்கும். அந்த ஆண்டு பூ ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும்.

வெட்டும்போது ஜாக்கிரதை நம் ஊரைவிட இங்கே அதிகம் தேவை, ஏனென்றால் அரளி விஷம் என்று தெரியாதவர்கள் பலர். நாய், குதிரை, குழந்தை யார் மென்றாலும் இதயத்தைப் பாதிக்கும். காய்ந்த இலையிலும் அந்த விஷம் போகாது. கையுறை போட்டு வெட்டி, பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுக்க வேண்டும். எரிக்கவே கூடாது, புகையிலும் விஷம் இருக்கிறது.

பூச்சி என்று பார்த்தால், நம் ஊர் எருக்கஞ்செடியில் அடையாகப் பிடிக்கும் அதே மஞ்சள் அசுவினி இங்கும் உண்டு. குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டியது சைலெல்லா என்ற பாக்டீரியா. தத்துப்பூச்சி பரப்பும் அது தண்டின் நீர்க்குழாயை அடைத்துவிடும். கோடையில், தண்ணீர் இருந்தும், ஒவ்வொரு கிளையாக இலை விளிம்பு கருகினால் அதுதான்; குளிர்க் கருகல் செடி முழுக்க ஒரே இரவில் வரும். சைலெல்லாவுக்கு மருந்து கிடையாது, செடியை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காப்பு: ஜூனில் ஆறு அங்குலப் போத்து வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீரில் வைத்து இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால் நாலு வாரத்தில் வேர் விடும். அவற்றைத் தொட்டியில் வைத்து முதல் குளிர்காலத்தைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் கழிக்க விட வேண்டும்.

ஃபிராங்க்பர்ட்டில் இருக்கும் அக்காவிடமும் இதைச் சொல்லுங்கள். அங்கே தரையில் நடுவது வீண், தொட்டிதான் வழி. 5 முதல் 10 டிகிரி வரை இருக்கும் வெளிச்சமான இடத்தில், மாதம் ஒரு தரம் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தால் போதும். சூடான அறைக்குள் வைத்தால் செதில் பூச்சி பிடித்துவிடும். இலையுதிர் காலத்தில் விரியாமல் நின்ற மொட்டுகளை வெட்ட வேண்டாம், அடுத்த கோடையில் முதலில் விரிபவை அவைதான்.

பெரியப்பா, இந்தத் தை மாதம் அரளி கிலோ என்ன விலைக்குப் போனது, கவாத்தை எந்த மாதம் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்