எழுதிக் கொடுத்துவிடாதே, அக்கா

லீட்ஸ்,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அவளிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள், அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

போன வாரம் நீ பேசினதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாய். தூரம் என்று சொல்லியிருந்தால், பிள்ளைகள் படிப்பு என்று சொல்லியிருந்தால், வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீ சொன்னது வேறு. "எனக்கு அதெல்லாம் சரிவராதுடி. நாலு பேரை வேலை வாங்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்?" என்றாய். போனில் பேசினால் நீ உடனே பேச்சை மாற்றிவிடுவாய். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இங்கே பதவி உயர்வு கிடைத்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்ததும், அத்தான் ஆபீசில் மிட்டாய் கொடுத்ததும் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான்.

இங்கே அரசு மருத்துவ சேவையில் நர்ஸ்கள் எல்லாரும் பேண்ட் 5 என்ற சம்பளப் படியில்தான் தொடங்குவார்கள். எனக்குக் கிடைத்தது பேண்ட் 6. மருந்து, ஊசி, கட்டு எல்லாம் பழையபடிதான். ஆனால் அந்த ஷிப்டுக்கு வார்டு முழுவதும் என் பொறுப்பு. காலை ஏழரைக்கு முந்தின ஷிப்ட்காரர்களிடம் ஹேண்டோவர் வாங்கினதும் யாருக்கு எந்த நோயாளிகள் என்று பிரிக்க வேண்டும். ஆள் வரவில்லை என்றால் வேறு வார்டில் கேட்க வேண்டும். கீழே எமர்ஜென்சியில் ஆட்கள் காத்திருக்க, "எத்தனை பெட் காலியாகும்?" என்று மணிக்கொரு தரம் போன் வரும். கோபமாக வருகிற உறவினரை உட்காரவைத்துப் பேச வேண்டும். இருபது வருஷமாக அதே வார்டில் இருக்கும் ஒரு யார்க்‌ஷயர் அம்மாளுக்கு நான் வேலை சொல்ல வேண்டும். எனக்குப் படுக்கை விரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அப்போதெல்லாம் ஒரே நினைப்பு. நேர்காணலுக்கு வேறு நல்ல ஆள் வரவில்லை போலிருக்கிறது, அதனால் என்னை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாராவது "இன்று ஷிப்ட் நன்றாகப் போனது" என்று சொன்னால், இன்று கூட்டம் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்தக் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் அக்கா. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பி வருவேன். பஸ்ஸில் மாடியில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் பேசின ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்ப மனசில் ஓட்டிப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் இந்த ஊர் மோசமான ஊர் இல்லை. முன்பின் தெரியாத கிழவி கூட "லவ்" என்று கூப்பிட்டுப் பேசுவாள். ஹேர்ஹில்ஸ் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து புளி வரைக்கும் கிடைக்கும். ஊர் என்னை ஒதுக்கவில்லை, நானாகத்தான் ஒதுங்கி நின்றேன்.

பதவி உயர்வு வந்தவர்களுக்கு இங்கே ஒரு பயிற்சி உண்டு. அங்கேதான் தகுதியில்லாமல் வந்துவிட்டேன் என்ற இந்த நினைப்புக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பேர் இருப்பது தெரிந்தது. 1978-இல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியல் நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிப் பார்த்து எழுதினது. நன்றாகச் செய்தால் அதிர்ஷ்டம், சறுக்கினால் "பார், எனக்குத் தெரியும்" என்று அவர்கள் கணக்குப் போட்டார்களாம். பட்டமும் பதவியும் எத்தனை வந்தாலும் அந்தக் கணக்கு மாறவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதைவிட முக்கியம், தேநீர் நேரத்தில் நடந்தது. பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, கோட்டயத்துச் சேச்சி, இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன், எல்லாரும் ஒவ்வொருவராக "எனக்கும் அப்படித்தான்" என்றார்கள். அந்தப் பையனுக்கு என்ன பயம் இருக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன்!

ஆனால் எல்லாவற்றையும் நம் மனசின் மேலேயே போட்டுவிடுவதும் நியாயமில்லை. 2015-இலிருந்து இந்த மருத்துவ சேவையே வருஷாவருஷம் இனவாரியாகக் கணக்கெடுக்கிறது. நேர்காணல் பட்டியலில் பேர் வந்த பிறகும் வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பே அதிகம் என்று அவர்கள் அறிக்கையே சொல்கிறது. நானே யூனிபார்மில் எதிரே நிற்க, "பொறுப்பில் இருப்பவரைக் கூப்பிடு" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அப்படி நாலு தரம் கேட்டால் யாருக்கும் தன் மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். நாங்கள் போன அந்தப் பயிற்சிக்கு மேரி சீகோல் பேரை வைத்திருக்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்தவர். கிரிமியப் போரில் நைட்டிங்கேலின் நர்ஸ்களோடு போகக் கேட்டபோது அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொந்தச் செலவில் கப்பலேறிப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை முன்னால் 2016-இல்தான் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னபோது அறையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

சரி, இப்போது ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு நன்றாகப் புரியும்.

புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி விடியற்காலம் சார்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நோயாளி எழுபது வயதுக்காரர், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. "குளிருது, அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சு 22, ஆக்சிஜன் 94, நாடி 112, காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், ரத்த அழுத்தம் மேலே 104. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும், நியூஸ்-2 என்பார்கள். கூட்டினால் 7. ஏழு வந்தால் அவசரம். டாக்டருக்குப் போன் போட்டேன். வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருந்தார் போல. "பாராசிட்டமால் கொடுங்கள், பிறகு வந்து பார்க்கிறேன்" என்றார்.

அந்த நொடியில் என் பழைய குரல் எழும்பியது. அவர் டாக்டர், நீ யார், உன் இங்கிலீஷே அவருக்குப் புரிந்ததோ என்னவோ, பேசாமல் போனை வை என்றது. நான் வைக்கவில்லை. எண்களை மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எனக்கு செப்சிஸ் சந்தேகம், தொற்று உடம்பு முழுவதையும் தாக்குகிறது போலிருக்கிறது. நீங்கள் இப்போதே வர வேண்டும். ஐ.சி.யு. குழுவையும் கூப்பிடுகிறேன்" என்றேன். வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக்கும் சலைனும் ஏற்றியாயிற்று. காலையில் ஷிப்ட் முடிந்து நான் கிளம்பும்போது அந்தப் பெரியவர் டீ கேட்டார், மூன்று சர்க்கரை போட்டு.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. இந்தச் சந்தேகம் இரண்டு வேலை பார்க்கிறது அக்கா. ஒன்று, இன்னொரு தரம் எண்ணைச் சரிபார் என்று சொல்லும். அது எனக்கு வேண்டும், அது போய்விட்டால் நான் நல்ல நர்ஸ் இல்லை. இன்னொன்று, வாயைத் திறக்காதே என்று சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தால் கஷ்டப்படுவது கட்டிலில் கிடக்கிற மனுஷன். இப்போதும் ஷிப்டுக்கு முன்னால் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. தெரியாததை வெளிப்படையாகக் கேட்கிறேன். அந்த யார்க்‌ஷயர் அம்மாளிடம் கூடக் கேட்கிறேன், அவர் சந்தோஷமாகச் சொல்கிறார். ஒரு நோட்டில், யார் என்ன நல்ல வார்த்தை சொன்னாலும் எழுதி, பக்கத்திலேயே நான் அதை எப்படித் தட்டிக்கழித்தேன் என்றும் எழுதுகிறேன். கிளான்ஸும் ஐம்ஸும் தங்களிடம் வந்த பெண்களைச் செய்யச் சொன்னதுதான். எழுதி வாசித்தால், ஒருவரையும் நம்பாமல் எல்லாரையும் பொய்யர்களாக்கி வைத்திருக்கிறேனே என்று தோன்றுகிறது.

இப்போது உன் விஷயம். புதன்கிழமை தடுப்பூசிக்கு எந்த வீட்டுக் குழந்தை வரவில்லை என்று நோட்டைப் பார்க்காமல் சொல்கிறவள் நீ. எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தசோகை, எந்த மாமியார் மாத்திரையை மறைத்துவைப்பாள் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். கர்ப்பிணிகளைப் பதிகிற பிக்மி கணினித் தளத்தில் பதிவு ஏறாமல் யாருக்காவது முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் நின்றுபோனால், அக்கம்பக்கத்து சப்-சென்டர் செவிலியர்கள் உனக்குத்தானே போன் போடுகிறார்கள்? அவர்களுக்குத்தான் இனி நீ மேற்பார்வை பார்க்கப் போகிறாய். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாய். கூட்டத்தில் மெடிக்கல் ஆபீசர் முன்னால் எழுந்து பேச வேண்டுமே என்பதுதான் உன் பயம் என்று எனக்குத் தெரியும். பேசப் போவதை முந்தின நாள் எனக்குப் போனில் சொல்லிப் பார். நான் டாக்டர் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்கிறேன்.

உன் பகுதியிலேயே பதவி உயர்வு பெற்றவர்கள் யாராவது இருப்பார்கள். போய் அவர்களிடம் முதல் ஆறு மாதம் எப்படி இருந்தது என்று கேள். அத்தானிடமும் இன்னொரு தரம் பேசு. அவர் வேண்டாம் என்று சொன்னதாக நீ சொல்லவே இல்லை.

பல சப்-சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும், உன் வண்டி தாங்காது. புது ஸ்கூட்டிக்கு முன்பணம் இந்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன், மறுக்காதே. செவ்வாயும் புதனும் எனக்கு லீவு. உங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அம்மாவை முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போ. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் முத்தங்கள்.

உன் அன்புத் தங்கை