நாக்கில் வந்த வெள்ளையும் நான் கொடுத்த பி காம்ப்ளக்ஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாயிலும் நாக்கிலும் தெரியும் எச்.ஐ.வி.யின் ஆரம்ப அறிகுறிகள் பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்தைத் தமிழில் பேசியதற்கு நன்றி. ஆனால் படித்த அன்றைக்கே எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணமும் வந்தது. வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று தூக்கம் கெட்டவர்கள் இருப்பார்கள். நாக்கு நன்றாகத்தானே இருக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் போனவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கருங்கல் பக்கத்தில் 26 வருடம் மெடிக்கல் ஸ்டோர் நடத்தியவன் நான். 2012-ல், ஆனி ஆடி மழையில் பால்வெட்டு நின்றுபோயிருந்த நேரம், தெரிந்த ஒரு அண்ணன் கடைக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அப்போது அவருக்கு வயது 44. "நாக்கு எரியுது தம்பி, மீன்கறிய வாயில வைக்க முடியல" என்றார். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் ஒருநாள் இருக்க மாட்டார் அவர். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். தயிர்த் திப்பி ஒட்டினது போல அங்கங்கே வெள்ளை. உடம்புச் சூடுதான் என்று சொல்லி பி காம்ப்ளக்ஸ் பத்து மாத்திரை கொடுத்தேன். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடச் சொன்னேன். நம் ஊரில் வாயில் எது வந்தாலும் இதுதானே முதல் வைத்தியம்.

மருந்து கேட்கவில்லை. பத்து நாளில் திரும்ப வந்தார். க்ளோட்ரிமசோல் மௌத் பெயிண்ட் கொடுத்தேன், வாயில் தடவுகிற பூஞ்சை மருந்து. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் மறுபடி வந்தது, மறுபடி அதே மருந்து. அதற்கடுத்த மாதமும் அதேதான். ஐந்து மாதம் இப்படி ஓடியது. கார்த்திகை வாக்கில் அவருடைய சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. இருமல் விடவில்லை. அரசு மருத்துவமனையில் சளி எடுத்துப் பார்த்ததில் காசநோய் என்று தெரிந்தது. காசநோய்க்காரர்களுக்குச் செய்கிற வழக்கப்படி எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்தார்கள். அப்போதுதான் தெரியவந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4 என்ற, நோயை எதிர்க்க உதவும் வெள்ளை அணுக்கள் அவருக்கு 100-ஐக்கூடத் தொடவில்லை.

அந்த ஐந்து மாதமும் அவருடைய வாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் மருந்து தடவித் தடவி அடக்கினேன். இன்றைக்கும் இதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அவருக்கு வந்தது கேண்டிடா என்ற பூஞ்சை. இது வெளியிலிருந்து புதிதாக வந்து தாக்குகிற கிருமி இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலும் சத்தமில்லாமல் இருப்பதுதான். உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை ஒரு அளவுக்குள் வைத்திருக்கும். அந்தக் காவல் தளர்ந்தால் பூஞ்சை பெருகி நாக்கு, கன்னத்தின் உட்புறம், மேலண்ணம் எல்லாம் படரும். சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்தால் வெள்ளை வந்துவிடும், அடியில் சிவந்த, எரிகிற சதை தெரியும். சிலருக்கு வெள்ளையே இருக்காது. மேலண்ணத்திலும் நாக்கின் நடுவிலும் சிவப்புத் திட்டு மட்டும் இருக்கும், அதனால் கவனிக்காமலே விட்டுவிடுவார்கள்.

இங்கே பயப்படுகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதே பூஞ்சை கைக்குழந்தைகளுக்குச் சாதாரணமாக வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வரும். பல்செட்டை ராத்திரியும் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கு, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கு, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு எல்லாம் வரும். காய்ச்சலில் படுத்து எழுந்தவர் நாக்கில் மாவு பூசினது போல இருப்பது வேறு விஷயம், அது நாக்கு வழித்தால் போய்விடும். அதனால் நாக்கில் வெள்ளை என்றதும் எச்.ஐ.வி. என்று முடிவுகட்ட வேண்டாம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: சர்க்கரை இல்லை, பல்செட் இல்லை, இன்ஹேலர் இல்லை, வேறு மருந்தும் சாப்பிடவில்லை, அப்படியிருக்க 44 வயது மனுஷனுக்கு ஏன் இது திரும்பத் திரும்ப வருகிறது?

இனி அந்த "ஆரம்ப" என்ற சொல்லுக்கு வருகிறேன். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருந்தது. கிருமி உடம்புக்குள் வந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு, வாய்ப்புண் வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் போலவே இருக்கும், தானாகவே போய்விடும். பலருக்கு அதுவும் தெரியாது. அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. நாக்கு சுத்தமாக இருக்கும், ஆள் நன்றாக உழைப்பார். நான் மேலே சொன்ன பூஞ்சை பெரும்பாலும் அந்த வருடங்கள் கழிந்து, எதிர்ப்பு சக்தி சரியத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி.யை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. விடாமல் இருக்கும் வாய்ப் பூஞ்சை அதில் மூன்றாம் நிலை. அதே பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கி விழுங்கும்போது வலித்தால் நான்காம் நிலை. ஆகவே, கண்ணுக்கு முதலில் தெரிவது வாயில்தான் என்றாலும், அதற்குள் நோய் வெகுதூரம் வந்திருக்கக்கூடும். நாக்கு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியானவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாயைப் பார்த்து யாருக்கும் எச்.ஐ.வி. இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மற்ற அறிகுறிகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதில் குழப்பம் வர வாய்ப்பு அதிகம். நாக்கின் ஓரத்தில், மேலிருந்து கீழாக வரிவரியாக, சொரசொரப்பாக ஒரு வெள்ளைத் திட்டு வரும். துடைத்தால் போகாது, பெரும்பாலும் வலிக்காது. எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் இதற்குக் காரணம். எதிர்ப்பு சக்தி குறைந்ததற்கு இது முக்கியமான அடையாளம். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும், பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வருவதுண்டு. அது பிற்பாடு புற்றுநோயாக மாறக்கூடியது. இரண்டையும் வீட்டில் இருந்துகொண்டு பிரித்துப் பார்க்க முடியாது. எதுவாக இருந்தாலும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் சரி. ஆறாத பெரிய வாய்ப்புண், அடிக்கடி வெடிக்கும் கடைவாய், திடீரென்று வலியும் ரத்தக்கசிவும் துர்நாற்றமுமாக அரித்துப்போகும் ஈறு ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

அந்த அண்ணனுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. முதலில் காசநோய் மருந்து, சில வாரம் கழித்து எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை. நம் நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அரசு இந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004-ல். நடுவில் இருந்த அந்த 18 வருடத்தில் இந்த நோய் வந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும், உறுதியான உடனே சிகிச்சை. நம் அண்ணன் இப்போது தினமும் ஒரே ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறார். மீன்கறி எரிவதில்லை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட இது மற்றவருக்குப் பரவாது. அவருடைய மனைவிக்குப் பரிசோதனை செய்ததில் இல்லை என்றே வந்தது.

ஆனால் வீட்டில் முதல் ஆறு மாதம் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வாயில் வந்த நோய்தானே, எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே டம்ளரில் சாயா குடித்தாலும், குழந்தைக்கு முத்தம் கொடுத்தாலும் பரவாது. அறிகுறி வாயில் தெரிகிறது, அவ்வளவுதான். நோய் அங்கிருந்து பரவுவதில்லை. இதை உங்கள் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். திண்ணையில் தனியாக உட்கார்ந்து அந்த டம்ளரைக் கையில் வைத்திருந்த அவரை நான் பார்த்திருக்கிறேன்.

எப்படி வந்தது என்று அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை. வெளியூர் போய் வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும், கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் வரும் என்றெல்லாம் நம் மாவட்டத்தில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பேர் பரிசோதனைக்குப் போவதில்லை.

என்னைப் போல மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கும், பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்ப் பூஞ்சைக்கு இரண்டாவது தடவை மருந்து கேட்டு வருகிறவரைச் சும்மா அனுப்பாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "இது திரும்பி வருது. ஒருதடவை சர்க்கரையும் பாத்திடுங்க, எச்.ஐ.வி.யும் பாத்திடுங்க. எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன்" என்று சொன்னால் போதும். கடையை மகனிடம் கொடுப்பதற்கு முன்னால் கடைசி சில வருடங்கள் நான் இப்படித்தான் சொன்னேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முதலில் ஆலோசகர் பேசுவார், நீங்கள் சம்மதித்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விதமான பரிசோதனைகளில் உறுதிசெய்வார்கள். இல்லை என்று வந்தாலும், சமீபத்தில் தொற்றியிருக்க வாய்ப்புண்டு என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஒதுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் அடியில் வாராவாரம் ஒரு வரியாகப் போட முடியுமா?

இதை எழுதச் சொன்னவரே அந்த அண்ணன்தான். வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அனுப்புகிறேன். என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். பெயர் தெரிந்தால் கடை தெரிந்துவிடும், கடை தெரிந்தால் அவரையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடை நடத்திய ஒரு வாசகன்,
கன்னியாகுமரி மாவட்டம்