பெர்லினுக்குப் பெட்டி கட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வேலை உறுதியான மறுநாளே உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பெர்லினின் கிராய்ஸ்பெர்க் பகுதியில் வீடு கிடைக்குமா? கூடவே, “எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடலாம்” என்றும் சொல்கிறீர்கள். அந்த இரண்டாவது பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது.

ஆசையைக் குறை சொல்லமாட்டேன். நானும் அதே பித்தோடு வந்தவன்தான். முதல் கோடை முழுவதும் சனிக்கிழமை தவறாமல் அங்குள்ள ஒரானியன் தெருவில் சுற்றினேன். பழைய தபால் எண்ணையே பெயராக வைத்துக்கொண்ட எஸ்ஓ 36 இசைக்கூடம், கை எட்டும் உயரம் வரை கிறுக்கித் தள்ளிய சுவர்கள், நள்ளிரவிலும் பீர் விற்கும் பெட்டிக்கடைகள். கால்வாய்க்கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கிச் சந்தையில் வெண்டைக்காயைக் கண்ட அன்று, ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

இந்தக் கோலாகலம் தானாக முளைத்ததல்ல. 1961-ல் கிழக்கு, மேற்கு பெர்லினைப் பிரித்து எழுந்த சுவர் இப்பகுதியை மூன்று பக்கமும் மடக்கிப்போட்டது. ஒரானியன் சதுக்கத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பு வரப்போகிறது என்று திட்டம் தீட்டி, வீடுகளைப் பழுதுபார்க்காமல் விட்டார்கள். இடிபடக் காத்திருந்த வீடுகளில் வாடகை மலிவு. துருக்கியத் தொழிலாளர்கள் குடியேறினார்கள். மேற்கு பெர்லின்வாசிகளுக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது என்பதால் மேற்கு ஜெர்மனி இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். காலி வீடுகளுக்குள் புகுந்து, குழாயையும் கூரையையும் தாங்களே சரிசெய்து வாழ்ந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு குடிசை. சுவர் ஒரு மூலையைச் சுற்றாமல் நேராகப் போனதால், கிழக்கு பெர்லினுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் மேற்குப் பக்கம் மாட்டிக்கொண்டது. 1980-களில் ஒஸ்மான் காலின் என்ற துருக்கியர் அங்கே கிடந்த குப்பையை அள்ளிவிட்டு வெங்காயமும் பூண்டும் நட்டார். கிழக்கின் எல்லைக் காவலர்கள் வந்து விசாரித்தார்கள்; பிறகு விட்டுவிட்டார்கள். கிடைத்த பலகைகளைக் கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு வீட்டையே எழுப்பினார். 2018-ல் காலமானார். எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் எழுந்த அந்த வீடு சுவரையும் மிஞ்சி நிற்கிறது.

இனி என் கதை. சாமான்களோடு கூடிய ஓரறை வீடு; கட்டில், மேசை, விளிம்பு உடைந்த ஒன்று உட்பட நான்கு தட்டுகள். மாதம் 1,650 யூரோ. பேரம் பேசாமல் கையெழுத்திட்டேன். ஒரு நாள் எதிர்வீட்டுத் துருக்கிய அம்மாவின் மாவு மூட்டையை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தேன். வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டிலோ என்னுடையதைவிட ஓர் அறை கூடுதல். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றவர், “அப்படியானால், நாங்கள் காலி செய்தால் இதற்கும் அவ்வளவு கேட்பார்களா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனவே தயவுசெய்து, கையெழுத்துக்கு முன் கணக்குப் பாருங்கள். 2015 ஜூன் முதல் பெர்லினில் வாடகைக் கட்டுப்பாடு அமலில் இருக்கிறது: புதிதாக வாடகைக்கு விடும்போது அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகைக்கு (இதுபோன்ற வீடுகளுக்கு அங்கே வழக்கமாக உள்ள வாடகை) மேல் பொதுவாகப் பத்து சதவீதம் வரைதான் கேட்கலாம். நகரமே வெளியிடும் வாடகை அட்டவணையில் சரிபார்க்கலாம். 2014 அக்டோபர் 1-க்குப் பின் முதன்முதலாக ஆட்கள் குடியேறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. ‘தற்காலிகம்’ என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களும் இதிலிருந்து நழுவப் பார்க்கும், என்னுடையது அப்படிப்பட்டதுதான். வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தால் வக்கீலே உட்கார்ந்து படித்துச் சொல்வார். நான் சேர்ந்தது கையெழுத்திட்ட பிறகு.

ஒப்பந்தம் வந்தால் எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை மாலைகளில் வீட்டில்தான் இருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா நாற்பது ஆண்டு ஒப்பந்தக் காகிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாக விளக்குவார், தேநீரும் தருவார்.

அன்புடன்,
மூன்றாம் மாடி வாடகைதாரன்