எத்தனை வீதம் என்று எழுதுங்கள்: புளூ மவுண்டன் பெயரில் கோப்பி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். ரொறொன்ரோவிலும் ஸ்காபரோவிலும் 'ஜமேக்கா புளூ மவுண்டன்' என்ற பெயரில் கோப்பித்தூள் பொதிசெய்து விற்கும் நம்மவர்களுக்கே இந்த மடல். நிறுவனப் பெயர் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் தங்களுக்கில்லை என்று இருந்துவிடுவீர்கள்.

போன கிழமை உங்களில் ஒருவரின் பொதியை வாங்கினேன். முன்பக்கம் நீல மலை, பனிமூட்டம், ஒரு மரப்பீப்பாய். பெயர் பெரிய எழுத்தில். 'கலவை' என்ற சொல் மட்டும் அடிவிளிம்பில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில். பின்பக்கத்தில் '100 வீதம் அராபிக்கா' என்று பெருமையாகப் போட்டிருந்தது. அராபிக்கா என்பது செடியின் இனம். பிரேசிலில் இயந்திரம் வைத்துப் பறிப்பதிலும் அது உண்டு. சரி, இதற்குள் புளூ மவுண்டன் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டேன். "கலவை விகிதம் எங்கள் வியாபார இரகசியம். உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று பதில் வந்தது. ஆதரவு கொடுத்தது உண்மைதான், காசாகவே கொடுத்தேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். பொதிக்குள் எத்தனை வீதம் புளூ மவுண்டன் என்பதை, பெயர் இருக்கும் அதே பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள்.

அந்தப் பெயரின் சட்டதிட்டங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஜமேக்காவின் கிழக்கே சென்ட் அன்ட்ரூ, சென்ட் தோமஸ், போர்ட்லன்ட், சென்ட் மேரி ஆகிய மாவட்டங்களில் எல்லை வகுத்த மலைப்பகுதியில் விளைந்தால்தான் அது புளூ மவுண்டன். ஏறத்தாழ 3,000 அடிக்குக் கீழே விளைந்தால் அதே தீவில்கூட வேறு பெயர். ஏற்றுமதிக்கு முன் ஜமேக்க அரசின் ஆணையத்தின் ஆட்கள் கொட்டையைப் பரிசோதித்து, வறுத்து, வடித்துச் சுவை பார்க்கிறார்கள். தேறாவிட்டால் பெயர் கிடையாது. உலகமெல்லாம் கோப்பி சாக்கில் போகும்போது இது மட்டும் மரப்பீப்பாயில் போகிறது. இந்தக் கண்டிப்பெல்லாம் கிங்ஸ்டன் துறைமுகத்தோடு முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு யார் எதில் ஒரு கரண்டி கலந்தாலும் பீப்பாய்ப் படம் போட்டுவிடலாம் போலிருக்கிறது.

அந்தக் கண்டிப்பு எல்லாவற்றையும் சுமப்பவர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த மலைப்பகுதியில் உள்ள மேவிஸ் பேங்க் என்ற ஊர்ப் பக்கத்துச் சரிவுகளில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி. அந்தக் குளிரில் பழம் மெதுவாகத்தான் சிவக்கும், பூத்து எட்டுப் பத்து மாதம்கூட ஆகும். எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. ஆகவே ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், சிவந்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். நிற்கவே இடமில்லாத சரிவு அது. பறித்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மிதப்பது கழிவு. மிஞ்சியதைப் பெட்டிக் கணக்கில் அளப்பார்கள். ஒரு பெட்டி 60 இறாத்தல் பழம். அதிலிருந்து கிடைக்கும் பச்சைக் கொட்டை ஏறத்தாழ பத்து இறாத்தல்தான்.

அந்தப் பெட்டிக்கு என்ன விலை என்பது அவர் கையில் இல்லை. விளைச்சலின் பெரும்பகுதியைப் பல காலமாக வாங்கிவந்தது ஜப்பான். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்ததும் ஜப்பானிய வணிகர்கள் கொள்முதலைக் குறைத்தார்கள், மலையில் பழத்துக்கு ஆளில்லாமல் போனது. பிறகு விலை ஏறி, 2016 அளவில் பெட்டி 10,000 ஜமேக்க டொலரைத் தாண்டியது. அதை நம்பி உரம் போட்டவர்கள், புதுக்கன்று நட்டவர்கள், அடுத்த இரண்டு வருடத்தில் பாதி விலைகூடக் கிடைக்காமல் நின்றார்கள். இதற்கு நடுவே சூறாவளி வேறு. 1988இல் கில்பர்ட், 2004இல் ஐவன், 2012இல் சான்டி. சான்டிக்குப் பின்னாலேயே இலைத்துரு நோயும் தலைவிரித்தாடியது. வேரோடு சாய்ந்த மரத்துக்குப் பதில் கன்று வைத்தால், காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அத்தனை வருடமும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பெயர் மட்டும் அந்த நாட்களிலும் கடைத்தட்டுகளில் சுகமாகத்தான் இருந்தது. சூறாவளி அட்டைப்பெட்டியைத் தொடுவதில்லை அல்லவா.

இலைத்துரு என்றதும் மலையகத்து வேர் உள்ள எவருக்கும் ஒன்று நினைவுக்கு வரும். 1869இல் இலங்கைக் கோப்பியில் பற்றி, தோட்டங்களையே அழித்தது அதே நோய்தான். அந்தத் தோட்டங்களுக்கும் ஜமேக்காவுக்கும் உறவு உண்டு. ஜமேக்காவில் கோப்பிச் செய்கை பழகிய டைட்லர் என்ற துரை 1837இல் அந்த முறைகளைக் கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்தார். ஜமேக்காவில் அடிமைமுறை ஒழிந்து கோப்பித் தோட்டங்கள் தளர்ந்த காலம். இலங்கையில் நம் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மலைக்கு நடந்தே வந்து அந்த வேலைக்குத் தோள் கொடுத்தார்கள். மலையில் முதுகு ஒடிந்தவர்கள் ஒருபக்கம், பெயர் போட்டு விற்றவர்கள் இன்னொரு பக்கம் என்பது நமக்குப் புதுக்கதை இல்லை. அதனால்தான் இதை நம்மவர்களே செய்யும்போது கொஞ்சம் கூடுதலாகக் கோபம் வருகிறது.

ஜமேக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவரவில்லை. காட்டை வெட்டிச் செங்குத்துச் சரிவில் வெயிலில் கோப்பி வைத்ததால் மண் அரித்து ஆறுகளில் இறங்கியிருக்கிறது. கிங்ஸ்டன் நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த மலைகளிலிருந்து வருவது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த காடும் அங்கேதான். நிழல்மரம் வைத்து, ஓடைக்கரையை விட்டுவைத்துப் பயிர் செய்ய வேண்டும் என்று விவசாயிக்கு எல்லோரும் பாடம் எடுக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவைப் பெட்டி விலையில் சேர்ப்பதென்றால் மட்டும் யாரையும் காணோம். இரவில் தோட்டத்துக்குள் புகுந்து பழம் திருடுகிறவர்களும் அங்கே உண்டு. பிடிபட்டால் வழக்கு. பகலில், விளக்கு வெளிச்சத்தில், தள்ளுபடி விலையில் பெயரை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு வாடிக்கையாளர் நன்றி சொல்கிறார்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கலவை விற்பது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. அசல் ஓர் இறாத்தல் 60 டொலருக்கும் மேலே போகும். எல்லோராலும் முடியாது, என்னாலும் மாதாமாதம் முடியாது. கலந்து விற்பதில் நியாயம் இருக்கலாம். எவ்வளவு என்பதை மறைப்பதில் என்ன நியாயம்? பத்து வீதமென்றால் பத்து என்று போடுங்கள். முப்பதென்றால் முப்பது. மிச்சம் எந்த நாட்டுக் கொட்டை என்பதையும் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. வாசனை மட்டும் சேர்த்ததென்றால் தயவுசெய்து மலைப்படத்தை எடுத்துவிடுங்கள்.

கடை வைத்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை: அடுத்த முறை விநியோகஸ்தர் பெட்டி இறக்கும்போது இதையே நீங்களும் கேளுங்கள். என்னைப் போன்ற ஒருவன் கேட்டால் வியாபார இரகசியம். பத்துப் பெட்டி எடுக்கிற நீங்கள் கேட்டால் பதில் வேறாக இருக்கும். அடுத்த அச்சுக்குப் போகும் பொதியில், முன்பக்கத்தில், ஓர் எண்ணும் 'வீதம்' என்ற சொல்லும் இருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்,
ஸ்காபரோ