ரியூப் துண்டும் சிவப்புத் துணியும்: ஒரு கப்பல் முகாமைத்துவத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். உங்கள் சின்னச் சொகுசுக் கப்பலில் மூன்று ஒப்பந்தம் எஞ்சின் அறையில் குழாயும் மெசினும் திருத்தும் ஃபிட்டராக வேலை செய்தவன் எழுதுகிறேன். கப்பலின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே விளங்கும். தற்காலிகமாகக் கட்டிவைத்த பாகங்களை மாற்றாமலே கப்பலை ஓட்டுவது பற்றித்தான் இந்த மடல். போன வருடம் இதே விஷயத்தை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினேன். கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரிப் பதில் வந்தது. சரி, இந்த முறை எனக்கு வருகிற மொழியில் எழுதுகிறேன். வேண்டுமென்றால் யாரையாவது பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிடிசி என்கிற கடலோடிப் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல் எப்போது கிடைக்கும் என்று காத்திருக்கும் பிள்ளைகள் இதை நேரே படிப்பார்கள். எனக்கு அதுவும் தேவைதான்.

நான் முதன்முதலில் பக்கத்தில் பார்த்த பெரிய கப்பலே எஞ்சின் நின்றுபோன கப்பல்தான். 2006 டிசம்பர் கடைசியில் ஃபாரா 3 என்ற ஜோர்தான் கப்பல் எங்கள் கரையில் தட்டியது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிப்போன கப்பல். எஞ்சின் பழுதாகி, கொந்தளிப்பில் அலைந்து, முள்ளிவாய்க்கால் பக்கம் வந்து ஏறி நின்றுவிட்டது. எனக்கு அப்போது 16 வயது. பிறகு 2009இல் அதே கரையில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த நாட்களிலும் அது அங்கேயேதான் நின்றது. போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அப்புறம் பழைய இரும்புக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தத் துருப்பிடித்த உடம்பைப் பார்த்தவன் நான். எஞ்சின் அறையில் ஒரு சத்தம் மாறினாலே எனக்கு வயிறு கலங்கும்.

தொழில் பழகியது புதுக்குடியிருப்பில், அப்பாவின் கராஜில். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் உதிரிப்பாகம் வராது, பற்றறி வராது, பெற்றோல் மருந்துபோலத் துளியாகத்தான் கிடைக்கும். ஸ்டார்ட் பண்ண இரண்டு சொட்டுப் பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்றுதான் மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் மெசினும் ஓடின. ஒழுகும் குழாய்க்குப் பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கம்பியால் இறுக்குவார் அப்பா. தேய்ந்த வோஷருக்கு ரயரில் ஒரு வட்டம் வெட்டுவார். ஆனால் அப்படிச் செய்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டிவிடுவார். "இது திருத்தினது இல்லை, ஒப்பேத்தினது" என்று மெசின்காரரிடம் சொல்லித்தான் அனுப்புவார். அடுத்ததாக அதைத் திறக்கிறவனுக்கு எது அசல், எது ஒப்பேற்றல் என்று தெரிய வேண்டுமே.

உங்கள் கப்பலில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்த ஒப்பேற்றல்தான்.

முதல் ஒப்பந்தத்தில் ஒரு நாள், ஏசிக்குக் குளிர் கொடுக்கும் மெசினான சில்லருக்குக் கடல்தண்ணீர் கொண்டுவரும் குழாயில் ஊசித்துளை விழுந்தது. சில்லர், கேபின்களில் இழுத்த சூட்டைக் கடைசியில் கடல்தண்ணீரிடம்தான் கொடுத்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் வேகமாகத் திரும்பும் முழங்கை வளைவில்தான் குழாய் முதலில் தேயும். இங்கேயும் அப்படித்தான். மாற்றுவதற்குக் கப்பலில் வளைவு இல்லை. விருந்தினர் கரையில் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கிறீர்களே சைக்கிள்கள், அவற்றில் ஒன்றின் பழைய ரியூப்பை வெட்டி, நான்கு சுற்றுச் சுற்றி, கிளிப் போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மேலே சிவப்புத் துணியும் கட்டினேன். சீஃப் எஞ்சினியர் முதுகில் தட்டிக்கொடுத்து, படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினார். நீங்களும் பாராட்டி எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், பொய் சொல்லக்கூடாது.

இரண்டாவது ஒப்பந்தத்துக்குத் திரும்பி வந்தபோது வளைவு மாறியிருக்கும் என்று நினைத்தேன். சிவப்புத் துணியைத்தான் காணவில்லை. பரிசோதகர் வருகிறார் என்று யாரோ அவிழ்த்துவிட்டு, ரியூப்பின் மேலேயே பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கடல்தண்ணீர்க் குழாய்க்குப் பச்சைதான் நிறம். அந்த விதத்தில் பிழை பிடிக்க முடியாது.

செக்கன்ட் எஞ்சினியரிடம் கேட்டேன். வளைவுக்கான கோரிக்கை அலுவலகத்தில் 'அவசரமில்லை' என்ற பட்டியலில் இருப்பதாகச் சொன்னார். ஒழுகாத குழாய்க்கு என்ன அவசரம்? அது ஒழுகாமல் இருப்பதற்கு நான்தான் காரணம். எங்களிடம் உதிரிப்பாகம் இல்லாததால் நாங்கள் ஒப்பேற்றினோம். உங்களிடம் காசு இருந்தது, ஒப்பேற்றத் தெரிந்தவனும் இருந்தான். அதனால் உதிரிப்பாகம் வாங்கவில்லை.

சின்னக் கப்பலின் கஷ்டம் எனக்கும் தெரியும். பெரிய கப்பல்போல உதிரிப்பாகக் களஞ்சியத்துக்கு இடமில்லை. ஒரு துறைமுகத்துக்குப் பெட்டியை அனுப்பினால் அது சுங்கத்தில் நிற்கும், கப்பலோ அன்று மாலையே புறப்பட்டுவிடும். பெட்டி எங்களைத் துரத்திக்கொண்டு மூன்று நாட்டைச் சுற்றிய கதையெல்லாம் உண்டு. ஆனால் ஒரு வருடமாகத் துரத்தவில்லை அல்லவா?

அந்த ஓகஸ்ட்டில், மத்தியதரைக் கடலில், குழாய் வெடித்தது. இரண்டு சில்லரில் ஒன்று கொம்பிரசர் பாகத்துக்காக ஏற்கனவே படுத்திருந்தது. மற்றதும் தண்ணீர் இல்லாமல் அழுத்தம் ஏறித் தானாக நின்றுவிட்டது. கேபின் எல்லாம் அடுப்படி. நாங்கள் கீழே முழங்கால் தண்ணீரில் நிற்க, மேலே ஒலிபெருக்கியில் 'வழமையான தொழில்நுட்பச் சீரமைப்பு' என்று அறிவித்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு என்று சொல்லியிருப்போம்.

மன்னார்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் விருந்தினரின் கேபின்களைக் கவனிக்கும் ஸ்டூவர்ட்டாக இருந்தார். வேர்த்து ஊற்ற எஞ்சின் அறை வாசலுக்கு வந்து நின்றார். "அண்ணை, ஒரு நேரம் சொல்லுங்கோ. உண்மையான நேரம். நான் போய்ச் சொல்லிப்போட்டு ஐஸும் துவாயும் குடுத்துச் சமாளிக்கிறன். மூண்டாந்தரம் 'இன்னும் கொஞ்ச நேரம்' எண்டு சொல்லேக்க கேபினில இருக்கிற அம்மா ஒராள் சிரிச்சா அண்ணை" என்றார். நான் ஆறு மணித்தியாலம் என்றேன். அவர் போய் அப்படியே சொன்னார். அறிவித்ததற்கு மாறாகச் சொன்னதற்காக அடுத்த நாள் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தீர்கள்.

அதோடு முடியவில்லை. பயண முடிவில் விருந்தினர் நிரப்பும் மதிப்பெண் தாளில் எஞ்சின் அறைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. கேபின் சேவைக்கு உண்டு. வியர்வையில் தூங்காதவர்களின் கோபம் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் விழுந்தது. அந்த மாத ஊக்கத்தொகை ஸ்டூவர்ட் தம்பிமாருக்கு வெட்டுப்பட்டது. எனக்கு வெட்டவில்லை. குழாயைக் கட்டியவன் நான், மாற்றாதது நீங்கள், காசு போனது துவாய் மடித்தவனுக்கு.

கழிவறைக் கதையை விரிவாக எழுதினால் சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர்கள் திட்டுவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் கழிவறை வெற்றிடத்தால் இழுப்பது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர்தான் போகும், மிச்சம் காற்றின் வேலை. ஒரு கேபினில் யாரோ ஈரத்தாளைப் போட்டு வால்வு மூடாமல் நின்றால் அந்த வரிசை முழுக்க இழுவை போய்விடும். குழாய்க்குள் உப்புப் படிந்து விட்டம் சுருங்குவது இன்னொரு தலையிடி. அதற்கு நாள் தவறாமல் அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அந்த அமிலத்தின் அளவைச் செலவு குறைப்பு என்று பாதியாக்கியது யார் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாளியோடு ஓடியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏசியும் கழிவறையும் வசதிப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். 2019 மார்ச் 23இல் நோர்வேயின் ஹுஸ்தாத்விக்கா கடலில் வைக்கிங் ஸ்கை கப்பலுக்கு நடந்ததை உங்கள் தொழில்நுட்பப் பிரிவு கட்டாயம் படித்திருக்கும். 1,373 பேர் இருந்த கப்பல். கப்பலை ஓட்டும் மின்சாரத்தைக் கொடுக்கும் நான்கு ஜெனரேட்டரில் ஒன்று டர்போசார்ஜர் பழுதால் சில நாட்களுக்கு முன்பே நின்றிருந்தது. மற்ற மூன்றிலும் ஒயில் அளவு குறைவு. புயலில் கப்பல் ஆடியபோது ஒயில் அழுத்தம் விழுந்து மூன்றும் தாமாக நின்றன. பாறைக் கரைக்கு மிகப் பக்கத்தில் போய்த்தான் ஒருவழியாக எஞ்சினைத் திரும்ப எழுப்பினார்கள். 479 பேரை ஹெலிகொப்டரில் தூக்க வேண்டியிருந்தது. ஒன்று ஏற்கனவே படுத்திருக்க மிச்சத்தை நம்பிக் கடலுக்குப் போவது எப்படிப்பட்ட வேலை என்று அதைவிட விளக்கமாக என்னால் எழுத முடியாது. நம்முடைய இரண்டு சில்லர் கதையும் அளவில் சின்னதே தவிர, கதை ஒன்றுதான்.

ஒரு பகுதி சேதமானாலும் கப்பல் தன் பலத்தில் துறைமுகம் திரும்ப வேண்டும் என்ற சர்வதேச விதி 2010 ஜூலைக்குப் பிறகு கட்டிய கப்பல்களுக்குத்தான். அதிலும் 120 மீற்றரோ அதற்கு மேலோ நீளம் இருக்க வேண்டும், அல்லது தீ பரவாமல் கப்பலைப் பிரிக்கும் பிரதான தீத்தடுப்பு வலயங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். உங்கள் கப்பல் அதைவிடப் பழையது, சின்னது. விதி உங்களைக் கட்டாது என்பதால்தான் நீங்கள் இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குழாய் வெடித்த அன்று நான் பத்தொன்பது மணித்தியாலம் நின்றேன். அதில் எனக்குக் குறை இல்லை, அவசரம் அவசரம்தான். ஆனால் ஓய்வுப் பதிவேட்டில் பத்து மணித்தியாலம் தூங்கியதாகக் கையெழுத்து வாங்கினார்களே, அதுதான் குறை. கப்பலில் வேலை செய்பவர்களுக்கான 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10, ஏழு நாளில் 77 மணித்தியால ஓய்வு என்கிறது. அவசரத்தில் அதை மீறினால் ஈடுகட்டும் ஓய்வு கொடு என்றுதான் அதில் இருக்கிறது, பொய்யாக எழுது என்று இல்லை. உண்மையை எழுதியிருந்தால் எஞ்சின் அறைக்கு இன்னும் ஒரு ஆள் தேவை என்பது உங்களுக்குத் தாளிலேயே தெரிந்திருக்கும்.

கப்பலுக்குக் காத்திருக்கும் நம்முடைய பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். அதே உடன்படிக்கையின்படி வேலை எடுத்துத் தருவதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, சிடிசி, மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவுதான் உங்களுடையது. காணியை ஈடு வைத்துக் கப்பலுக்குப் போனவனுக்கு ஓய்வுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல வாய் வராது. என் வாய்க்கும் வரவில்லை.

முகாமைத்துவத்துக்கு நான் கேட்பது பெரிய காசு இல்லை. ஒப்பேற்றிய ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் ஒரு முடிவுத் திகதி போடுங்கள். புதுப் பாகம் பூட்டாமல் அந்த வேலையை யாரும் மூட முடியாதபடி செய்யுங்கள். இரண்டு சில்லரில் ஒன்று நின்றால் அதை 'மிச்சம் ஒன்று ஓடுகிறது' என்று பார்க்காதீர்கள். விருந்தினருக்கு அறிவிப்பதற்கு முன் கீழே ஒரு தடவை கேளுங்கள். நாங்கள் சொல்லும் நேரம் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லும் ஸ்டூவர்ட்டின் வாய் பொய்யாகாது. மெசின் பழுதான பயணத்தின் மதிப்பெண்ணை அவர்களின் ஊக்கத்தொகையில் கழிக்காதீர்கள். மன்னார்த் தம்பிக்குக் கொடுத்த எச்சரிக்கையை அவருடைய கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் அன்று செய்தது உங்கள் வேலையை.

அந்தக் குழாயை ஆறு மணித்தியாலத்தில் மறுபடி ஓட விட்டோம். எப்படி என்று கேட்பீர்கள். இன்னொரு சைக்கிள் ரியூப், இன்னும் பெரிய கிளிப். மூன்றாவது ஒப்பந்தம் முடித்து இறங்கிய அன்றும் அது அப்படியே இருந்தது. சில்லர் அறையில் இடப்பக்கம், தரைத்தகடு இரண்டைத் தூக்கினால் தெரியும் இரண்டாவது வளைவு. சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை கம்பியால் கட்டியிருக்கிறேன், அவிழ்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் ஃபிட்டர்,
புதுக்குடியிருப்பு.