சிவப்புக் கூரை

அன்புள்ள முருகேசா,

கடிதம் போன வாரமே கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. எனக்கு முட்டிவலி அப்படியேதான். பத்து நாளாக வீட்டோடு கிடக்கிறேன்.

அந்தப் பத்து நாளும் மகள் அனுப்பிய ஒரு புகைப்படப் புத்தகம்தான் துணை. அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகில்ஸ்டன் எடுத்த படங்கள், எல்லாம் கலர். "கலர் கல்யாணத்துக்கு, கறுப்பு வெள்ளைதான் கலைக்கு" என்று இருட்டறையில் படம் கழுவும் ஹைப்போ மருந்து வாசனைக்கு நடுவே நீ அடித்துச் சொல்வாயே, அதுதான் பக்கத்துக்குப் பக்கம் ஞாபகம் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. கலர் புகைப்படம் கொச்சையானது என்று கறுப்பு வெள்ளையில் பேர்போன அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸே எழுதினார். அப்புறம் கடைசிக் காலத்தில் அவரே போலராய்டு கேமராவோடு கலரில் எடுத்துத் தள்ளினார், அது வேறு கதை.

1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவின் தலைவர் ஜான் ஷார்கவ்ஸ்கி எகில்ஸ்டனின் 75 படங்களை மாட்டினார். அங்கே நடந்த முதல் கலர் கண்காட்சி அதுதான் என்று பலர் சொல்வார்கள். தப்பு. 1962லேயே எர்ன்ஸ்ட் ஹாஸின் கலர் படங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் திட்டு வாங்கியது எகில்ஸ்டன்தான். படங்கள் கச்சிதம் என்று ஷார்கவ்ஸ்கி எழுதப்போக, ஆமாம், சலிப்பூட்டுவதில் ரொம்பக் கச்சிதம் என்கிற மாதிரி நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் ஹில்டன் கிராமர் திருப்பி அடித்தார்.

அவர் கோபமும் புரிகிறது. படத்தில் என்ன இருக்கிறது? ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்ததில் சைக்கிள் வீட்டைவிட உயரமாக நிற்கிறது. அதன் சக்கரங்களுக்கு இடையே, தூரத்தில் ஒரு கார். அவ்வளவுதான்.

என்னை உட்கார வைத்தது இன்னொன்று. 1973, மிசிசிப்பியில் கிரீன்வுட் என்கிற ஊர், ஒரு நண்பர் வீட்டு அறை. கூரை முழுக்க ரத்தச் சிவப்பு, நடுவில் மூடியில்லாத பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளை ஒயர்கள். சிவப்பை எடுத்துவிட்டால் அந்தப் படமே இல்லை, முருகேசா. நாம் கலரை மேல்பூச்சு என்றே நினைத்துவிட்டோம்.

பிரிண்ட் போட்ட விதம் உனக்குப் பிடிக்கும். டை டிரான்ஸ்ஃபர். விளம்பரக்காரர்கள் பயன்படுத்திய விலை கூடின முறை. சிகாகோ லேப் ஒன்றின் விலைப்பட்டியலில் பார்த்துத்தான் இவர் பிடித்துக்கொண்டாராம். ஸ்லைடிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர் வழியாக மூன்று நெகட்டிவ். அதிலிருந்து மூன்று ஜெலட்டின் அச்சு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளின் மேல் இம்மி பிசகாமல் ஒன்றன் பின் ஒன்றாக உருட்டி எடுக்க வேண்டும். எந்த நிறத்தையும் தனியாக ஏற்றலாம், இறக்கலாம். நாம் லேபில் ரோலைக் கொடுத்துவிட்டு வந்ததை எடுத்துக்கொண்டோம். அதனாலேயே கலரை மதிக்கவில்லையோ என்னவோ. என் கல்யாண ஆல்பம் வேறு முழுசாக ஆரஞ்சாகிக் கிடக்கிறது.

நேற்று பழைய பெட்டியைக் குடைந்தபோது உன் பாட்டி உங்கள் வீட்டுக் கூடத்தில் காலை நீட்டிப் பூத்தொடுக்கும் படம் கிடைத்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நீ சொல்வது. பாட்டி அப்படியே இருக்கிறார். ஆனால் அந்த ரெட் ஆக்சைடு தரை? தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து, வெயில் விழுந்தால் சுவரெல்லாம் சிவந்து போகுமே, அது வெறும் சாம்பலாகக் கிடக்கிறது. கனகாம்பரமும் சாம்பல்.

மருமகள் டைல்ஸ் போடச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாயே, கொத்தனாரை இன்னும் கூப்பிடவில்லைதானே? தை பிறந்ததும் வருகிறேன். அதுவரை கூடத்தில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சம்பத்